முப்பது எண்ணும்வரை பெடல் நிற்குமா?

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஆறாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. பக்கத்து சீட்டில் அம்மா. பின்னால் தங்கையும் அவள் பையனும். மிதித்த கால் எதிலும் போய் முட்டவில்லை, குளத்துப் படியில் கடைசிப் படியைத் தாண்டிக் கால் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எடுத்து மறுபடி மிதித்தேன். மறுபடி. மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் கியரை இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

இறங்கி நின்றபோது வலது கால் நடுங்கியது. முன்சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. அம்மா எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். நன்றாக, உயரத்திலேயே நின்றது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் இந்த பிரேக்கோடுதான் என் வாழ்க்கை. அதில் கற்றதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பழைய வண்டி வைத்திருக்கிற யாராவது ஒருவருக்கு, மலைமேல் ஏறுவதற்கு முன்னால் இது கண்ணில் பட்டால் போதும்.

வண்டி 2003-ஆம் வருடத்து மாருதி 800. அப்பா புதிதாக வாங்கியது. 15 வருடம் முடிந்ததும் 2018-இல் அவரே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப்போய் ஆர்.சி.யைப் புதுப்பித்தார். மறுவருடம் அவர் இல்லை. 2023-இல் அடுத்த ஐந்து வருடத்துக்கு நான் புதுப்பித்தேன். "இதைத் தள்ளிவிட்டு வேற எடுங்க டீச்சர்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லாதவர்கள் இல்லை. எனக்கு மனம் வரவில்லை. வைத்திருப்பது என்று முடிவு செய்தால் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், அதுதான் பேச்சு.

அடிவாரத்திலிருந்து வந்த மறுநாள் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் விட்டேன். பேட் தேய்ந்திருக்கிறது என்று இரண்டு முன்சக்கரத்துக்கும் புது டிஸ்க் பேட் போட்டார்கள், பெடலை ஓங்கி ஓங்கி மிதித்து ஏர் எடுத்தார்கள், அதாவது குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். பிரேக் பிரமாதமாக இருந்தது, பத்து நாள். பிறகு பெடல் பாதி தூரம் போய்த்தான் பிடித்தது. மறுபடி ஏர் எடுத்தார்கள். மறுபடி ஒரு வாரம். அதன்பிறகு வேறொரு கோளாறு சேர்ந்துகொண்டது. சேலம் ஐந்து ரோட்டில் சிக்னலுக்காகப் பெடலை மிதித்தபடி நிற்கும்போது, என் கால் தானாக மெல்லக் கீழே இறங்கியது. வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அந்த ஒரு சாண் எனக்கு மலையைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது. மலையில் ஏதோ சூடு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது சமதளம், காலை எட்டரை மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே போகிற நேரம்.

அப்பா காலத்தில் இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணனைத் தேடிப்போனேன். ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை. நான் "பிரேக் சரியில்லைங்கண்ணா, பேட் மாத்தியாச்சு, ரெண்டு வாட்டி ஏர் எடுத்தாச்சு" என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன மாத்துனாங்கன்னு அப்புறம் சொல்லு கண்ணு. கால்ல என்ன தெரியுது, அதச் சொல்லு."

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். பாஸ்கல் விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் பெடல் எப்படி இறங்குகிறது என்று பிரித்துச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. "சாஃப்டா இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டார். மிதித்ததும் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? பாதி தூரம் காலியாகப் போய், அப்புறம் கெட்டியாக நிற்கிறதா? நின்ற இடத்திலிருந்து மெல்ல வழுக்கி இறங்குகிறதா? சூடானால் மட்டும் வருகிறதா, காலையில் முதல் மிதியிலேயேவா?

இந்த நான்கும் நான்கு வேறு கோளாறு. நாம் எல்லாவற்றையும் "பிரேக் இறங்குது" என்ற ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறோம், பட்டறையும் எல்லாவற்றுக்கும் ஏர் எடுப்பது என்ற ஒரே வைத்தியத்தைச் செய்கிறது.

பஞ்சு மாதிரி அமுங்கினால் பெரும்பாலும் உள்ளே காற்று. காரின் பிரேக்கில் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது திரவம். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தாலும் உங்கள் காலின் உழைப்பு அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். நாலைந்து முறை விடாமல் மிதித்தால் பெடல் கொஞ்சம் மேலே வரும். (லாரி, பஸ் கதை நேர் தலைகீழ். அங்கே பிரேக் வேலை செய்வதே அழுத்தக் காற்றில். லாரிக்காரர் "ஏர் இல்லை" என்று கவலைப்படுவார், கார்க்காரர் "ஏர் இருக்கு" என்று கவலைப்படுவார்.) இன்னொன்றும் பஞ்சு போலத்தான் தெரியும்: சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இருபது வருடத்தில் தளர்ந்து, மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்புவது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே ஹோஸ் உள்பக்கம் சிதைந்து அடைத்துக்கொண்டால் வேறு வினை. ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது; அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும்.

பாதி தூரம் காலியாகப் போய் அப்புறம் கெட்டியாக நின்றால், ஏர் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. பின்சக்கர டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று சந்தேகப்படவேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிவிடுகிறது. ஹேண்ட் பிரேக் லிவர் வழக்கத்தைவிட மேலே வருகிறதா என்று பாருங்கள், அதுவும் அதே ஷூவைத்தான் கேபிளால் இழுக்கிறது. தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. துரு ஏறினால் அது அப்படியே நின்றுபோகும். முன்சக்கர பேரிங் ஆடினாலும் இதே மாதிரி ஒரு மிதி வீணாகும். டிஸ்க் ஆடி ஆடி பேடைத் தள்ளிவிடுவதால்.

மெல்ல வழுக்கி இறங்குவதற்குத்தான் அண்ணன் முப்பது எண்ணச் சொன்னார்.

என்ஜினை நிறுத்திவிட்டு, காலின் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் தீரும்வரை ஐந்தாறு முறை மிதிக்கவேண்டும். பெடல் கெட்டியாகும். அப்புறம் காலை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று நிதானமாக முப்பதுவரை. பெடல் அசையக்கூடாது. என் வண்டியில் பன்னிரண்டு எண்ணுவதற்குள் கால் இறங்க ஆரம்பித்தது. முதலில் பலமாக மிதிக்கச் சொன்னார், பிறகு லேசாக. லேசாக வைத்தபோதுதான் இன்னும் தெளிவாக இறங்கியது. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டால் பல சமயம் அப்படித்தானாம். பலமாக மிதித்தால் ரப்பர் கப்பின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெல்ல வைத்தால் ஆயில் அதைத் தாண்டிக் கசியும். சிக்னலில் நாம் வைப்பது இந்த லேசான கால்தான்.

கால் அழுத்தியிருக்கும்போதே என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெடல் ஒரு விரற்கடை இறங்கியது. நான் பதறினேன். அது இறங்கத்தான் வேண்டும், பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். இறங்காமல் கல்லாகவே இருந்து, வண்டியை நிறுத்த முழுப் பலம் தேவைப்பட்டால், பூஸ்டரோ, என்ஜினிலிருந்து அதற்கு வரும் வேக்யூம் ஹோஸோ, அதிலுள்ள ஒருவழி வால்வோ போயிருக்கும்.

பிறகு பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார். ஆயில் நின்ற மட்டம் கீழ்க் கோட்டுக்கு அருகில். நிறம் காப்பி டிகாஷன். புது பிரேக் ஆயில் வெளிர்த் தேன் நிறத்தில் இருக்கும். "எப்ப மாத்துனது?" என்றார். டேஷ்போர்டில் அப்பாவின் டைரி இருக்கிறது. பெட்ரோல் போட்ட கணக்கிலிருந்து வைப்பர் ரப்பர் வரை எல்லாம் எழுதிவைப்பார். பிரேக் ஆயில் என்று கடைசியாக எழுதியது மார்ச் 2017. நான் வருடா வருடம் என்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறேன். பிரேக் ஆயில் மாற்றவேண்டிய பொருள் என்றே எனக்குத் தெரியாது, குறைந்தால் ஊற்றுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், மலையில் நடந்தது இதில்தான் இருக்கிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அவற்றின் குணம். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இப்போது ஏற்காட்டைக் கணக்குப் போடுங்கள். மேலே சுமார் 1,500 மீட்டர், கீழே சேலம் 300-க்கும் குறைவு. இறக்கம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி, நாங்கள் நான்கு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 900 கிலோ. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடி ஜூலுக்குச் சற்று அதிகம். முப்பது டிகிரியில் இருக்கும் 36 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. கல்யாண வீட்டு அண்டா. கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நான் அன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால், மூன்றாம் கியரில், பிரேக் மேல் வைத்த காலை எடுக்காமல் இறங்கிக்கொண்டிருந்தேன். அண்டாவில் பெரும்பகுதியை முன்சக்கரத்தின் இரண்டு இரும்புத் தட்டின் தலையில் கட்டினேன். தட்டின் சூடு பேடுக்கும், பேடின் சூடு அதை அழுத்தும் காலிப்பருக்கும், அங்கிருந்து அதற்குள் நிற்கும் ஈரம் ஏறிய ஆயிலுக்கும் போனது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழியானது. குமிழி அமுங்கும். பெடல் தரைக்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் ஆறி, ஆவி மறுபடி திரவமாகி, பெடல் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்தது.

மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனி வழி இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றுமே என்று அண்ணனிடம் கேட்டேன். ஒரு குழாய் வெடித்தால் காப்பாற்றும். ஆனால் முன்சக்கரத்தால் இழுபடும் கார்களில் பெரும்பாலும் அந்த இரண்டு வழியும் குறுக்காகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு முன்சக்கரம். இரண்டு காலிப்பரும் சேர்ந்து கொதித்தால் இரண்டு வழியும் சேர்ந்தே போகும்.

சூட்டில் பிரேக் போவது இன்னொரு விதமாகவும் நடக்கும். பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழப்பது. அப்போது பெடல் உயரத்திலேயே கெட்டியாக நிற்கும், வண்டி மட்டும் நிற்காது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் முதல் பட்டறையில் நான் "பெடல் தரைக்குப் போச்சு" என்று அழுத்திச் சொல்லியிருப்பேன், அவர்களும் பேடைவிட்டு ஆயிலைப் பார்த்திருக்கக்கூடும். தேய்ந்த பேடை மாற்றியதில் தவறில்லை. ஆனால் இரண்டு முறை ஏர் எடுத்தும், குமிழி நின்றவுடன் ஏர் வெளியேறும் நிப்பிளை மூடிவிட்டார்கள். பழைய டிகாஷன் அப்படியே உள்ளேயே இருந்தது.

பத்து நாளுக்கு ஒருமுறை பெடல் தாழ்ந்ததற்கு விடை பின்பக்கம் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் இடதுபக்கத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக நெம்பிக் காட்டினார். உள்ளே ஈரம், இரண்டு மூன்று சொட்டு வடிந்தது. ஷூ லைனிங்கின் ஓரம் கறுத்து நனைந்திருந்தது. வெளியே தரையில் ஒரு சொட்டு விழவில்லை, டிரம்முக்குள்ளேயே முடிந்துவிட்டது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாகக் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் புதுப் பேட் போட்ட பிறகும் மட்டம் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கக்கூடாது.

வழுக்கி இறங்குவதற்கு இந்தக் கசிவே காரணமாக இருக்கலாமே என்றேன். அவர் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்களைக் கழற்றி, அந்த வாய்களில் அடைப்பு போல்ட்டுகளை முறுக்கினார். இப்போது சக்கரங்களுக்கும் பெடலுக்கும் சம்பந்தமே இல்லை. "மிதி" என்றார். கல்லாக நின்றிருக்க வேண்டும். இறங்கியது. அந்த நிமிடம் எனக்கு மனதில் ஒரு பாரம் குறைந்தது. ஊகம் முடிந்து, கோளாறு கைக்குள் வந்துவிட்டது.

கழற்றிய மாஸ்டர் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரப்பர் கப் தினமும் ஓடும் இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்கு அப்பால், சாதாரண மிதியில் கப் போய்ச் சேராத பகுதியில், அரிப்பும் கறுப்புத் திட்டுகளும். ஆயிலில் ஏறிய நீர் செய்த வேலை. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை ஓங்கி மிதித்தார்கள் இல்லையா, அப்போது அந்த மெல்லிய ரப்பர் உதடு இந்தச் சொரசொரப்பின்மேல் உராய்ந்து கிழிந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கியபோது நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், பழுது பார்க்கும்போது போனது. மலையில் நானும் தரைவரை மிதித்திருக்கிறேன், அதற்கும் இதில் பங்கு இருக்கலாம். பழைய வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள், கால் முழுதாக இறங்காதபடி. பட்டறையில் விட்டால் பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள். கூச்சப்படவேண்டாம்.

ரப்பர் கிட் மட்டும் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டேன், செலவு பாதியாகும். மாட்டேன் என்றுவிட்டார். சுவர் அரித்த சிலிண்டரில் புது ரப்பர் ஆறு மாதம் தாங்காது. மாஸ்டர் சிலிண்டர் புதிது, பின்சக்கரத்தின் இரண்டு வீல் சிலிண்டரும் புதிது, ஷூ இரண்டு பக்கமும் புதிது, ரப்பர் ஹோஸ் எல்லாமே புதிது. பாகங்களைப் பெட்ரோலில் கழுவ ஒரு பையன் டப்பாவை எடுத்து வந்தான், அண்ணன் அதட்டித் திருப்பி அனுப்பினார். பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் உப்பிவிடும். ஆயில் டப்பாவில் தவறிப்போய் என்ஜின் ஆயில் ஊற்றிவிட்டால் எல்லா ரப்பரையும் மாற்றவேண்டியதுதான்.

ஏர் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். மாஸ்டர் சிலிண்டருக்கு வெகுதூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கினார். நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு குழாய், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருந்தது. நான் சீட்டில்.

"அமுத்து கண்ணு. மெதுவா. பிடி... பிடி... விடாத. ம், இப்ப விடு."

நிப்பிளை அவர் மூடும்வரை நான் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று உள்ளே ஏறும். டப்பாவில் ஆயில் தீராமல் பையன் பார்த்துக்கொண்டான். முதலில் டிகாஷன் வந்தது, பிறகு வெளிறிய டீ, கடைசியில் தேன். குமிழி நின்ற பிறகும் தேன் நிறம் வரும்வரை விடவில்லை. அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கியிருந்தேன், சீல் உடைக்காதது. மிஞ்சியதை எடுத்துவைக்கவில்லை. திறந்த டப்பா ஈரத்தைக் குடிக்கும். பெயின்ட்டில் சிந்திய சொட்டை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், விட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

முடித்ததும் என்ஜினை நிறுத்தி, ஆறு மிதி மிதித்து, காலை லேசாக வைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பது. அசையவில்லை. அறுபதுவரை எண்ணினேன்.

அடுத்த மாதம் அம்மா மறுபடி ஏற்காடு போகவேண்டும் என்றாள். பயம் அவளுக்குப் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அப்பா சொன்ன பாடம்தான். வழி முழுக்க இரண்டாம் கியர். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு இடம் பார்த்து வழி விட்டேன். ஆறாவது வளைவில் அம்மா என் காலைப் பார்த்தாள். அடிவாரத்தில் நிறுத்தி முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்புதான், வாடை இல்லை.

டைரியில் அப்பாவின் வரிக்குக் கீழே தேதி போட்டு "பிரேக் ஆயில், டாட் 3" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்பக்கம் போகும் இரும்புக் குழாயில், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் துரு உரிகிறது. வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்த அண்ணன், நான்கைந்து மாதம் ஓடும் என்றார். ஓட்டிப் பார்க்க விருப்பமில்லை. வருகிற சனிக்கிழமை அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.